பொக்கை விழுந்த நிப்பர்

"ஒற்றைக் கத்தி நிப்பர் விலை குறைஞ்சிருக்கு, வாங்கலாமா மச்சான்?" என்று போன வாரம் நண்பன் கேட்டான். பிளாஸ்டிக் மாடல் விமானம் செய்கிற எங்களுக்கு, பாகங்களை அவற்றின் சட்டத்திலிருந்து வெட்டியெடுக்கும் சின்னக் குறடு அது. கேட்ட நேரம் சரியில்லை. அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் என்னுடையதில் பொக்கை விழுந்திருந்தது. அந்த ஆத்திரம் இதில் கொஞ்சம் கலந்திருக்கும், கழித்துக்கொண்டு படியுங்கள்.

வாங்கி மூன்று வருடம். அதற்கு முன்பு நகவெட்டி, அப்புறம் எலக்ட்ரிகல் கடை கட்டர். அதெல்லாம் பிளாஸ்டிக்கை வெட்டாது, இரண்டு பக்கமும் நெரித்துப் பிய்க்கும். பிய்ந்த இடம் வெளுத்துப்போகும். சில நேரம் பாகத்திலிருந்தே ஒரு துணுக்கு பெயர்ந்து பள்ளம் விழுந்துவிடும். மேடு என்றால் தேய்த்துவிடலாம். பள்ளத்துக்குப் புட்டி வைத்து, காயவிட்டு, அது சுருங்கினால் மறுபடியும் வைக்க வேண்டும்.

இந்த நிப்பரில் ஒரு பக்கம்தான் கூர். மறுபக்கம் தட்டையாக இருந்து பாகத்தைத் தாங்கிக்கொள்ளும். நிஜத்தில் 72-ல் ஒரு பங்கு அளவுள்ள (1/72) ஸ்பிட்ஃபயர் போர் விமான மாடலில் விமானி அறைக்குப் பின்னால் நிற்கும் ஆன்டெனா கம்பம் ஈர்க்குச்சி நுனி அளவுதான். பழைய கட்டரில் 'டக்' என்ற சத்தத்தோடு கட்டிலுக்கு அடியில் பறந்துவிடும். இதில் சத்தமே வராது. வெந்த கிழங்கில் கத்தி இறங்குகிற மாதிரி இறங்கும். அதற்காகவே ராத்திரி பதினோரு மணிக்கு ஸ்ப்ரூவை, அதாவது பாகங்கள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தை, கையில் எடுத்திருக்கிறேன்.

ஆனால் இதற்கு ஊழியம் செய்து மாளாது. தடிமனான ஸ்ப்ரூவை வெட்டக்கூடாது. கண்ணாடி போன்ற கெட்டி பிளாஸ்டிக் கூடாது. வெட்டும்போது திருகவே கூடாது. முதலில் பழைய கட்டரால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் விட்டு வெட்டி, மீதியைத்தான் இதனிடம் கொடுக்க வேண்டும். ஆக, எந்தக் கட்டரைத் தூக்கிப்போட இதை வாங்கினேனோ, அது இன்னும் மேஜையில்தான் கிடக்கிறது.

இவ்வளவு செய்தும் இது குறைத்துக் கொடுக்கிற வேலை சொற்பம். பாகங்களை வார்த்த அச்சின் இரண்டு பாதிகளும் சேருமிடத்தில் விழுகிற கோடு சக்கரக்கால், பீரங்கிக்குழல் என்று எல்லாவற்றிலும் ஓடும். அதைக் கத்தியின் முதுகால் சுரண்டித்தான் ஆக வேண்டும். அச்சிலிருந்து பாகத்தைத் தள்ளும் ஊசிகள் விட்ட வட்டத் தழும்புகள் வேறு. கடைசியில் சோப்புத் தண்ணீரில் கழுவி, காயவைத்து, சாம்பல் ப்ரைமர் அடித்தால்தான் எது தப்பியது என்று தெரியும். 1/72 கணக்கில் ஆறடி ஆள் ஓரங்குலம். அரை மில்லிமீட்டர் மேட்டை விட்டுவைத்தால் நிஜ விமானத்தில் அது மூன்றரை சென்டிமீட்டருக்கு மேல் புடைத்துக்கொண்டு நிற்கும். இது எதிலும் நிப்பருக்குப் பங்கில்லை. நான் உட்காரும் நேரத்தில் பத்தில் ஒரு பங்குகூட அது வேலை செய்வதில்லை.

பொக்கை விழுந்த கதைக்கு வருகிறேன். மகளுக்குப் பள்ளி ப்ராஜெக்ட், மின்சார மணி. செம்புக்கம்பி வெட்ட மேஜையிலிருந்து எடுத்திருக்கிறாள். "அப்பா, உங்க கட்டர் சூப்பரா வெட்டுதுப்பா" என்று பாராட்டும் கொடுத்தாள். அவளைத் திட்ட முடியுமா? வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் நுனிப்பக்கம் எலி கடித்த மாதிரி இரண்டு இடம். இப்போது வெட்டுகிற ஒவ்வொரு இடத்திலும் மயிரிழை அளவுக்கு வரப்பு விழுகிறது. 600 நம்பர் வாட்டர் பேப்பரால் இரண்டு இழுப்பு இழுத்தால் போய்விடும், தெரியும். இருந்தாலும் அதைப் பார்த்தாலே எரிச்சல்.

நண்பனிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இரண்டு பக்கமும் கூர் உள்ள சாதாரண நிப்பர் ஒன்றும், 400, 600, 1000 நம்பர் தாள்களும் வாங்கிக்கொள், மீதிப் பணத்தில் இன்னொரு மாடல் கிட் எடு என்றேன்.

என்னுடையதை இன்னும் எறியவில்லை. கத்தியின் அடிப்பக்கத்தில் கொஞ்சம் கூர் மிச்சமிருக்கிறது. நேற்று ஸ்பிட்ஃபயரின் இறக்கையை அதில்தான் வெட்டினேன். சத்தமே வரவில்லை.