எண்ணூரிலிருந்து பாரிமுனைக்கு: எக்ஸ்பிரஸ் ரோடா, டி.எச். ரோடா, தண்டவாளமா?

எண்ணூர், எர்ணாவூர், திருவொற்றியூர்வாசிகள் பாரிமுனைக்கு வர நாலு வழி இருக்கிறது. கடலோரமாக எண்ணூர் விரைவுச் சாலை, ஊருக்குள்ளே டி.எச். ரோடு என்கிற திருவொற்றியூர் நெடுஞ்சாலை, அதை ஒட்டியே மெட்ரோ, மேற்கே கும்மிடிப்பூண்டி மார்க்கத்து மின்சார ரயில். புதிதாகக் குடிவருகிறவர்கள் மேப்பைப் பார்த்ததும் விரைவுச் சாலையைத்தான் பிடிக்கிறார்கள். நேராகப் போகிறது, சிக்னல் குறைவு, கூடவே கடல். ஆனால் தினமும் பைக்கில் வேலைக்குப் போகிறவர் கடைசியாக யோசிக்க வேண்டிய வழி அதுதான். காரணம் அந்த ரோட்டின் கதையிலேயே இருக்கிறது.

1969-ல் மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை வந்தது. 1983-ல் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் திறந்தது. 2001-ல் எண்ணூர்த் துறைமுகமும் இயங்கத் தொடங்கியது. டேங்கர், டிரெய்லர் எல்லாம் வடசென்னை ரோடுகளில்தான் வந்து விழுந்தன. இதற்காக 1998-லேயே யோசித்ததுதான் எண்ணூர் - மணலி சாலை மேம்பாட்டுத் திட்டம். தேசிய நெடுஞ்சாலை ஆணையம், இரண்டு துறைமுகங்கள், மாநில அரசு எல்லாம் சேர்ந்த ஏற்பாடு அது. விரைவுச் சாலை, மணலி ஆலைச் சாலை, திருவொற்றியூர் - பொன்னேரி - பஞ்செட்டி சாலை, உள்வட்டச் சாலையின் வடக்குப் பகுதி என நான்கையும் ஒன்றாகக் கோத்தார்கள். கோத்ததன் நோக்கம் ஒன்றே: கன்டெய்னர் பெட்டி துறைமுகத்துக்குள் போக வேண்டும், வெளியே வர வேண்டும். டிபன் பாக்ஸோடு ஆபீஸுக்குப் போகிற ஆள் அந்தக் கணக்கில் வரவே இல்லை.

ரோடு எந்த இடத்தில் ஓடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். கத்திவாக்கம் பக்கமிருந்து எர்ணாவூர் குப்பம், கே.வி.கே. குப்பம், ஒண்டிக்குப்பம், பலகைத்தொட்டி குப்பம் என்று மீனவக் குப்பங்களை ஒட்டியே வந்து, பட்டினத்தார் சமாதியைத் தாண்டி, காசிமேட்டில் மீன்பிடித் துறைமுகத்தையும் துறைமுகத்தின் ஜீரோ கேட்டையும் தொடுகிறது. ஒரு பக்கம் வீடுகள், மறுபக்கம் கடல். அந்தக் கடலும் சும்மா இருக்கிற கடல் இல்லை. இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். 1870-களில் துறைமுகச் சுவர்களைக் கட்டத் தொடங்கியபோது அந்த ஓட்டம் தடைபட்டது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமாயிற்று. வடக்கே ராயபுரம் முதல் எண்ணூர் வரை கரை அரித்துக்கொண்டே போயிற்று. இன்று மெரினாவில் காற்று வாங்குகிறோமே, அந்த மணலுக்கு விலை கொடுத்தது வடசென்னைக் குப்பங்கள். பாறைகளைக் கொட்டி, கடலுக்குள் நீளும் கற்சுவரான தூண்டில் வளைவு போட்டுத்தான் கரையைக் காப்பாற்றுகிறார்கள். அந்தக் கல் வரிசைக்கும் வீட்டு வாசலுக்கும் நடுவில் கிடைத்த இடம்தான் ரோடு. அகலப்படுத்த வேண்டும் என்றால் மீனவர் வீட்டின் மேல்தான் கை வைக்க வேண்டும். திட்டம் ஆண்டுக்கணக்கில் இழுத்ததற்கு இது முக்கியமான காரணம். வீட்டைக் காப்பாற்ற நின்றவர்களை வளர்ச்சிக்குக் குறுக்கே நின்றதாகப் பேசுவது அநியாயம்.

கேட்டில் உள்ளே விடுவது தாமதமானால் டிரெய்லர்கள் ரோட்டிலேயே வரிசை கட்டும். டிரைவர்கள் அங்கேயே ஸ்டவ் பற்றவைத்துச் சமைப்பார்கள், வண்டிக்கு அடியில் துண்டை விரித்துத் தூங்குவார்கள். அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை, நிறுத்த இடம் கொடுக்காமல் வரச் சொன்னது அவர்கள் தப்பில்லை. ஆனால் இரவில் பைக்கில் வருகிறவனின் நிலைமையை யோசியுங்கள். பெட்டி ஏற்றாத டிரெய்லரின் பின்பக்கம் நெஞ்சு உயரத்துக்கு ஒரு இரும்புச் சட்டம், அவ்வளவுதான். சிவப்பு விளக்கு உடைந்திருந்தால், அல்லது சேறு படிந்து மறைந்திருந்தால், எதிரே வரும் ஹெட்லைட் வெளிச்சத்தில் அந்தச் சட்டம் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. மணல் வேறு டயருக்கு அடியில் சறுக்கும்.

டி.எச். ரோடு மெதுவானது. சுங்கச்சாவடி, காலடிப்பேட்டை, தேரடி என்று ஒவ்வொரு இடத்திலும் கடை, ஷேர் ஆட்டோ, தள்ளுவண்டி. ஆனால் பஸ் கிடைக்கும். திருவொற்றியூரிலிருந்து திருவான்மியூர் வரை போகும் 1-ஆம் நம்பர் பஸ்ஸுக்கு இதுதான் தடம். 2021 முதல் சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. தண்டையார்பேட்டை வரை, வண்ணாரப்பேட்டை வரை என்று குறைந்த தூரம் போகிறவர்களுக்கு இதை மிஞ்ச எதுவும் இல்லை. பாரிமுனை வரை என்றால் பொறுமை வேண்டும்.

திருவொற்றியூரில் இருந்துகொண்டு பாரிமுனைக்குப் போக வேண்டுமா, யோசிக்காமல் மெட்ரோ ஏறுங்கள். வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரையான 9 கிலோமீட்டர் நீட்டிப்பு 2021 பிப்ரவரி 14-ல் திறந்தது. தேரடி நிலையமும் விம்கோ நகர் பணிமனை நிறுத்தமும் 2022 மார்ச்சில் சேர்ந்துகொண்டன. மண்ணடியிலோ உயர்நீதிமன்றத்திலோ இறங்கி நடக்கலாம், அதே வண்டி சென்ட்ரல் வழியாக விமான நிலையம் வரை போகும். கட்டணம் 10 ரூபாயில் தொடங்கி 50 ரூபாய் வரை. மாதக் கணக்குப் பார்க்கிறவருக்கு அது கனம்தான். பெரிய குறை வேறு: பாதை விம்கோ நகர் பணிமனையோடு நின்றுவிடுகிறது. ஆலைகளின் புகையைச் சுவாசிக்கிற எண்ணூர்க்காரருக்கு மெட்ரோ வரவில்லை.

எண்ணூர், கத்திவாக்கம் ஆட்களுக்கு மின்சார ரயில்தான். டிக்கெட் 5 ரூபாயில் தொடங்குகிறது, மெட்ரோவோடு ஒப்பிடவே முடியாது. ஆனால் விஜயவாடா பக்கம் போகும் எக்ஸ்பிரஸ், சரக்கு வண்டிகளுக்கும் இதே மார்க்கம்தான். கொருக்குப்பேட்டைக்கு முன்னால் வண்டி நின்றுவிட்டால் எப்போது நகரும் என்று சொல்ல முடியாது. பெரும்பாலான வண்டிகள் சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்துக்குத்தான் போகும், பாரிமுனைக்குப் பக்கத்திலுள்ள கடற்கரை நிலையத்துக்குப் போகிறவை குறைவு. வண்டியின் போர்டைப் பார்த்து ஏறுங்கள். கால் மணி நேரம் முன்கூட்டியே கிளம்புங்கள்.

விரைவுச் சாலை மக்களுக்கு உதவுமா என்பது திருவொற்றியூரில் முடிவாகிற விஷயம் இல்லை, மதுரவாயலில் முடிவாகிற விஷயம். ஸ்ரீபெரும்புதூர் பக்கமிருந்து வரும் பெட்டிகள் மாதவரம், மணலி, எர்ணாவூர் என்று ஊரைச் சுற்றித்தான் ஜீரோ கேட்டுக்கு வருகின்றன. இதைத் தவிர்க்க வேண்டிய துறைமுகம் - மதுரவாயல் பறக்கும் சாலைக்கு 2009-ல் அடிக்கல் நாட்டினார்கள். கூவத்துக்குள் தூண்கள் வருவதாகச் சொல்லி 2012-ல் வேலை நின்றது. 2022 மே மாதம் அதே தடத்தில் இரண்டடுக்குப் பாலமாக மறுபடியும் அடிக்கல். இடையில் போன அத்தனை ஆண்டும் அந்த லாரிகள் எர்ணாவூர் வழியாகத்தான் வந்தன. அந்தப் பாலம் திறந்து, லாரிகளுக்குத் தனி நிறுத்துமிடமும் வந்தால், விரைவுச் சாலையை நான் பட்டியலில் மேலே ஏற்றுவேன். அதுவரை பைக்கை விம்கோ நகர் மெட்ரோவில் நிறுத்திவிட்டுப் போங்கள்.