நெல்லை வெயிலில் பாலைவனப் பல்லிக்கு எந்தச் சூடு?

பியர்டட் டிராகன் என்ற பாலைவனப் பல்லியை வளர்க்க வாங்கியவர்கள் முதலில் கேட்பது, "ஹீட்டருக்கு எதை வாங்கலாம்?" என்றுதான். இணையத்தில் கிடைக்கும் பட்டியல்களில் பாதிக்கு மேல், ராத்திரியில் வீட்டுக்குள்ளேயே 15 டிகிரிக்கு இறங்கிவிடும் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. அதை அப்படியே பாளையங்கோட்டையில் மாட்டினால் பல்லி வெந்துவிடும். சித்திரை, வைகாசியில் இங்கே 38, 40 என்று போகிறது. மார்கழி விடியலில்கூட 20-க்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஆகவே நமக்குச் சூடு பஞ்சமில்லை. தொட்டியின் ஒரு மூலை நன்றாகக் காய வேண்டும், மறு மூலை ஆறிக் கிடக்க வேண்டும். அந்த வித்தியாசத்தை எது ஒழுங்காகத் தருகிறது என்று பார்த்துத்தான் கீழே மார்க் போட்டிருக்கிறேன்.

முதலில் எவ்வளவு சூடு வேண்டும் என்று பார்த்துவிடலாம். ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டிலிருந்து வந்த பியர்டட் டிராகனுக்கு வெயில் காயும் கல்லின் மேல் 38 முதல் 42 டிகிரி, ஆறின பக்கம் 25 முதல் 28. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் பக்கத்து லெபர்ட் கெக்கோ என்ற புள்ளிப் பல்லிக்குச் சூடான பொந்தில் 32 அளவு போதும். வெளிநாட்டு முள்வால் பல்லியான யூரோமாஸ்டிக்ஸ்தான் ஆளை அசத்தும்: கல் 50 டிகிரியில் கொதித்தாலும் சொகுசாகப் படுத்திருக்கும். ஆனால் அது சைட்டிஸ் என்ற சர்வதேச வன உயிர் வணிக ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள உயிர். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்யாமல் வைத்திருக்கக் கூடாது. ராஜஸ்தான் பக்கத்து முள்வால் பல்லியையும் நம் உடும்பையும் பற்றி யோசிக்கவே வேண்டாம். இரண்டும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை.

சரி, போட்டிக்கு வருவோம்.

மேலிருந்து விழும் குண்டு பல்பு அல்லது ஹாலோஜன் பல்பு ஒரு பக்கம், வெளிச்சமே இல்லாமல் சூடு மட்டும் தரும் செராமிக் ஹீட்டர் மறுபக்கம். பல்பின் சூடு வெயிலைப் போலவே வெளிச்சத்தோடு வருகிறது, தோலைத் தாண்டிச் சதை வரைக்கும் இறங்குகிறது. பல்லிக்கும் அது புரியும். காலையில் பல்பு எரிந்ததும் உடம்பைத் தட்டையாக விரித்து, நிறத்தைக் கருக்கிக்கொண்டு வந்து நிற்கும். சூடு ஏறியதும் நிறம் வெளுக்கும். அதற்கும் மேலே போனால் வாயை 'ஆ'வென்று திறந்து வைத்துக்கொள்ளும். வேலி மேல் உட்கார்ந்திருக்கும் நம் ஓணானிடமும் இதே வித்தையைப் பார்க்கலாம். செராமிக்கில் இந்த நாடகம் நடக்காது. அது மேல்தோலையும் சுற்றியிருக்கும் காற்றையும்தான் சுட வைக்கும். ராத்திரி வெளிச்சம் இல்லாமல் சூடு தர வேண்டிய இடத்துக்கு ஏற்ற சாமான். ஆனால் பியர்டட் டிராகனுக்கு ராத்திரியில் 18, 20 வரை இறங்கினாலும் பாதகமில்லை. நம் ஊர் வீடுகள் அவ்வளவு இறங்குவதும் இல்லை. மலை எஸ்டேட்டில் இருப்பவர் வாங்கட்டும், நோஞ்சான் குட்டி வைத்திருப்பவர் வாங்கட்டும். டவுனிலும் மேலப்பாளையத்திலும் இருப்பவருக்கு எதற்கு?

கரண்ட் கணக்கையும் போட்டுப் பாருங்கள். 75 வாட் பல்பு பத்து மணி நேரம் எரிந்தால் முக்கால் யூனிட், இரண்டு மாதத்துக்கு 45 யூனிட். 100 வாட் செராமிக் இரவும் பகலும் நிற்காமல் ஓடினால் அதே இரண்டு மாதத்தில் 144 யூனிட். வீட்டு இணைப்புக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டை இது ஒன்றே விழுங்கிவிடும். எங்கள் தெரு ஆச்சி கேட்ட மாதிரி, "இங்க அடிக்கிற வெயிலு பத்தாதுன்னு ஓணானுக்குத் தனியா கரண்ட் பில்லு வேறயால?" என்ற கேள்விக்குப் பல்பை வைத்துத்தான் ஓரளவாவது பதில் சொல்ல முடியும்.

பல்பிலும் கவனிக்க வேண்டியது உண்டு. எல்.இ.டி. ஆகாது, சூடே வராது. கோழிக்குஞ்சுக் கூண்டில் மாட்டும் 250 வாட் சிவப்பு பல்பு வீட்டுத் தொட்டிக்கு ரொம்ப அதிகம். பிளாஸ்டிக் ஹோல்டர் இளகிவிடும், பீங்கான் ஹோல்டரே போடுங்கள். கூடவே ஒரு டிம்மர் இருந்தால் வைகாசியில் குறைத்து, கார்த்திகையில் கூட்டிக்கொள்ளலாம். அக்னி நட்சத்திர மதியங்களில், அதுவும் மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை என்றால், பல்பை அணைத்தே விடுங்கள்.

அடுத்து, அடியில் ஒட்டும் ஹீட் மேட். கடைக்காரர்கள் அதிகம் தள்ளிவிடுவது இதைத்தான். எனக்குப் பிடிக்காதது இதன் கணக்கு. சூட்டைத் தானாகக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாத மேட், அறையின் சூட்டுக்கு மேல் தன் பங்கைக் கூட்டிக்கொண்டே போகும். 20 டிகிரி அறையில் 10 கூட்டினால் 30. வைகாசியில் நம் அறையே 35 என்றால் 45. மேலே மணல் கொட்டினால் சூடு வெளியேற வழியில்லாமல் கண்ணாடி விரிசல் விடும். பல்லிக்கு வயிற்றுப் பக்கம் சுடுவது சரியாக உறைக்காததால், அசையாமல் படுத்தே புண்ணாக்கிக்கொள்ளும். ஹீட் ராக் என்று விற்கும் போலிக் கல்லுக்கும் இதே குற்றச்சாட்டுதான், இன்னும் கூடுதலாக. லெபர்ட் கெக்கோ வைத்திருப்பவர் மழைக்காலத்தில் தெர்மோஸ்டாட்டோடு மேட் போடலாம். மற்றவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

நான்காவது போட்டியாளர் நம் வெயிலே. இதற்கு ஈடான யூ.வி.பி. என்ற புற ஊதாக் கதிர் எந்த டியூபிலும் வராது. அந்தக் கதிர் இல்லாவிட்டால் பியர்டட் டிராகனின் எலும்பு வளைந்துவிடும். காலை எட்டு மணி வாக்கில், கம்பி வலைக் கூண்டில், பாதி இடத்துக்கு நிழல் போட்டு, அரை மணி நேரம். கண்ணாடித் தொட்டியோடு தூக்கி வெயிலில் வைக்கக் கூடாது. கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும், சூட்டை மட்டும் உள்ளே பூட்டிவைக்கும். சில நிமிஷத்தில் பல்லி செத்துப்போகும். காக்கா, பூனைக்குக் கூண்டு தாங்குமா என்றும் பாருங்கள். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே வீசும் காற்றுக்கு மாடியில் வைத்த கூண்டு நிற்காது. முற்றமே நல்லது.

வெயிலின் பலவீனம் ஐப்பசி, கார்த்திகை. நாள் முழுக்க மூடாப்பு, ஈரக்காற்று. குளிரும் ஈரமும் சேர்ந்தால் இவற்றுக்கு நெஞ்சுச்சளி பிடிக்கும். அந்த மாதங்களில் பல்பு பகல் முழுவதும் எரியட்டும், பக்கத்தில் யூ.வி.பி. டியூபும் எரியட்டும். டியூப் வெளிச்சம் தந்துகொண்டிருந்தாலும் கதிர் குறைந்துகொண்டே வரும். வருஷத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள்.

என் வரிசை: பகலில் பல்பு, கூடவே காலை வெயில், செராமிக் தேவைப்பட்டால் மட்டும், மேட் கடைசி. மாதாந்திரப் பராமரிப்பு என்று ஒரு பகல் கரண்ட் நின்றால் பதற வேண்டியதில்லை, அன்றைக்கு இரையைக் கொஞ்சம் குறைத்தால் போதும், சூடு இல்லாமல் செரிக்காது. மிச்சமான காசில் வயர் முனை உள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டர் இரண்டு வாங்கி, சூடான பக்கம் ஒன்று, ஆறின பக்கம் ஒன்று என்று வையுங்கள். கொரோனா காலத்து நெற்றித் துப்பாக்கி இதற்கு உதவாது, பலவற்றில் மனித உடல்சூட்டு அளவுக்குள்தான் எண் வரும். பல்லி இரண்டு நாள் சாப்பிடாமல் வாயோரம் நுரை தள்ளினால் பல்பை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல், இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் போய் விசாரியுங்கள்.