ஒரு பாடமா, நான்கு தாள்களா?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ்வழி ஏழாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கும் நான், சென்ற ஆண்டிலிருந்து வாரத்தில் இரண்டு பாடவேளைகளில் பாடநூலை மூடி வைத்துவிட்டு, ஒரே பொருளைப் பற்றிய பல பனுவல்களைப் பிள்ளைகளிடம் கொடுத்து வாசிக்கச் செய்து வருகிறேன். பாடநூல் மட்டும் போதுமா, பல பனுவல்களும் வேண்டுமா என்ற கேள்வியில் என் சாய்வு எந்தப் பக்கம் என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

பாடநூலின் வசதிகள் எல்லோரும் அறிந்தவை: எல்லார் கையிலும் இருக்கிறது, சொற்கள் வயதுக்கேற்ப அமைந்திருக்கின்றன, தேர்வும் அதிலிருந்தே வருகிறது. ஆனால் ஒருமுறை வாசித்து, விடைக்குரிய வரிகளைக் கோடிட்டு வைத்த பிள்ளைக்கு அந்தப் பக்கத்துக்குத் திரும்பக் காரணம் ஏதுமில்லை.

என்னை மாற்றியது இந்தத் திரும்பி வாசித்தல்தான். ஆழியாற்று நீரைப் பற்றி நான்கு தாள்கள் கொடுத்தேன்: ஒரு தமிழ் நாளிதழ்ச் செய்தி, ஒரு மலையாள நாளிதழ்ச் செய்தி, விவசாயிகளின் துண்டறிக்கை, தமிழ்நாடும் கேரளமும் ஆற்றுநீரைப் பகிர்ந்துகொள்வதற்கான பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தம் குறித்து நானே எழுதிய ஒரு பக்கக் குறிப்பு. 1970-இல் கையெழுத்தான அந்த ஒப்பந்தப்படி மாநில எல்லையை ஒட்டிய மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீர் கேரளத்துக்குக் கிடைக்க வேண்டும். தமிழ்ச் செய்தி தண்ணீர் திறக்கப்பட்டதாகச் சொன்னது. மலையாளச் செய்தி உரிய நீர் வந்து சேரவில்லை என்றது.

"ரெண்டுல ஒண்ணு பொய்தானே சார்?" என்று கேட்ட மாணவன், இரண்டு தாள்களிலும் ஒவ்வொரு விரலை வைத்துக்கொண்டு வரிவரியாக மறுபடியும் வாசித்தான். ஒன்று விநாடிக்கு இத்தனை கனஅடி என்கிறது, மற்றது ஆண்டுக் கணக்கை டி.எம்.சி.யில் சொல்கிறது என்பதை அவனே கண்டுபிடித்தான். ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கனஅடி என்று மட்டும் நான் சொன்னேன். அந்த 7.25 டி.எம்.சி.யை ஆண்டு முழுவதும் சீராக விட்டால் விநாடிக்குச் சுமார் 230 கனஅடி வரும் என்று கரும்பலகையில் வகுத்துக் கண்டவர்கள், கணக்குப் பாடவேளையில் வகுத்தல் என்றாலே முகம் சுளிக்கும் அதே பிள்ளைகள். பிறகு, யாரும் சொல்லாமலே, இரண்டு செய்திகளையும் மூன்றாம் முறை வாசித்தார்கள்.

பல நாடுகளின் பதினைந்து வயது மாணவர்களைச் சோதிக்கும் பீசா (PISA) மதிப்பீடு, 2018-இல் ஒற்றைப் பனுவல் வாசிப்பையும் பல மூலங்களைச் சேர்த்து வாசிப்பதையும் தனித்தனியாகவே அளந்தது. இந்த இரண்டாவது திறன் ஒரே நூலுக்குள் நின்று வளர்வது கடினம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

செலவு இல்லாமல் இல்லை. ஒரு கட்டுத் தாள் திரட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடுகிறது. செய்தி பழசானால் பிள்ளைகளின் ஆர்வமும் போய்விடும் என்பதால் அடுத்த ஆண்டு மீண்டும் தேட வேண்டும். பாடநூலுக்கு இந்தப் பராமரிப்பு கிடையாது. மதிப்பெண் கூடியதா என்று கேட்டால், ஓராண்டை வைத்து என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. கீழ் வகுப்புகளில் இதைச் செய்து பார்த்ததும் இல்லை. எழுத்துக்கூட்டி வாசிக்கும் நான்கைந்து பேர் நான்கு தாள்களைக் கண்டதும் மிரண்டு போனார்கள். அவர்களுக்கு இப்போதைக்குப் பாடநூலோடு அந்தத் துண்டறிக்கையை மட்டும் கொடுத்து வருகிறேன்.