புது கார் டெலிவரி: "பார்த்துச் செய்யுங்க சார்" என்றால் யாருக்கு, எவ்வளவு?

துணி போர்த்திய கார், ரிப்பன், ஸ்வீட் பாக்ஸ், ஆளுயர அட்டைச் சாவி, குடும்பத்தோடு ஒரு போட்டோ. தமிழ்நாட்டில் எந்த ஷோரூமுக்குப் போனாலும் டெலிவரி நாள் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். நான்கு சக்கரத்துக்கும் வைத்த எலுமிச்சம்பழம் நசுங்கியதும் டிரைவர் கதவுப் பக்கம் மூன்று நான்கு பேர் வந்து நிற்பார்கள். தொகையை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். "பார்த்துச் செய்யுங்க சார்" என்பதோடு சரி. வாங்க வந்தவர் சந்தோஷத்திலும் கூச்சத்திலும் கைக்கு வந்த ஐந்நூறு ரூபாய்த் தாளை முன்னால் நிற்பவரிடம் நீட்டுவார். அது பெரும்பாலும் தவறான ஆளிடம்தான் போகிறது.

யார் என்ன வேலை செய்தார்கள் என்று பார்த்தால் குழப்பம் தீரும்.

முன்னால் நிற்பவர் சேல்ஸ் எக்ஸிகியூட்டிவ். இவருக்குச் சம்பளத்தோடு இன்சென்டிவ் உண்டு. கார் விற்றதற்கு மட்டுமில்லை, ஷோரூம் வழியாகவே இன்சூரன்ஸ் போட்டால், லோன் எடுத்தால், எக்ஸ்டெண்டட் வாரண்டி, ஆக்சஸரீஸ் வாங்கினால் அதற்கும் சேரும். இவருக்குப் பணம் தேவையில்லை. இவருக்கு உண்மையிலேயே வேண்டியது வேறு. டெலிவரி முடிந்த சில நாளில் கம்பெனியிலிருந்து போனோ மெசேஜோ வரும், ஷோரூம் அனுபவத்துக்குப் பத்துக்கு எத்தனை என்று கேட்பார்கள். பத்துக்குக் குறைந்தால் எக்ஸிகியூட்டிவுக்கும் ஷோரூமுக்கும் தலைவலி. அதனால்தான் சாவி கொடுக்கும்போதே "மறக்காம பத்துக்குப் பத்து குடுத்துடுங்க சார்" என்கிறார்கள். நன்றாக நடத்தியிருந்தால் அதைக் கொடுங்கள். சொன்ன ஃப்ளோர் மேட் வரவில்லை, இரண்டாவது சாவி "நாளைக்கு" என்றால், எல்லாம் கைக்கு வரும் வரை அந்த மார்க்கைக் கையிலேயே வைத்திருங்கள். ஐந்நூறு ரூபாயைவிட அதற்கு வலு அதிகம்.

அடுத்தவர், காரைப் பற்றி விளக்கிச் சொல்பவர். சில இடங்களில் டெலிவரிக்கென்றே தனி ஆள் இருப்பார், சில இடங்களில் எக்ஸிகியூட்டிவே பத்து நிமிடத்தில் ஒப்பேற்றிவிடுவார். இந்த வேலையின் தரம்தான் ஷோரூமுக்கு ஷோரூம் பெரிதாக மாறுகிறது. இப்போதைய காரைச் சரியாக விளக்க முக்கால் மணி நேரமாவது வேண்டும். கனெக்டட் ஆப்பை உங்கள் போனில் ஏற்றி ஓடிபி போட்டுக் காரோடு இணைப்பது, லேன் வார்னிங், எமர்ஜென்சி பிரேக் போன்றவற்றைக் கூட்டவும் குறைக்கவும் செய்வது, சாவி பேட்டரி தீர்ந்தால் உள்ளிருக்கும் உலோகச் சாவியால் கதவைத் திறப்பது, பின் கதவு சைல்டு லாக், ஜாக்கி வைக்கும் இடம், டோயிங் ஹூக் திருகும் துளை, ஸ்டெப்னி இல்லாத காரென்றால் பஞ்சர் கிட்டை இயக்குவது. இவ்வளவையும் பொறுமையாகச் சொல்லி, நீங்களே ஒருமுறை செய்து பார்க்கவும் விட்டவருக்கு இருநூறு முதல் ஐந்நூறு வரை கொடுக்கலாம். கட்டாயமில்லை, ஆனால் அர்த்தமுள்ள பணம். புளூடூத்தை இணைத்துவிட்டு "மத்ததெல்லாம் மேனுவல்ல இருக்கு சார்" என்றவருக்கு ஒரு நன்றி போதும்.

கண்ணில் படாதவர்கள்தான் மூன்றாவது கூட்டம். வாட்டர் வாஷ் செய்து துடைத்தவர், மேட், மட் ஃப்ளாப், சீட் கவர் மாட்டியவர், கார்களை நிறுத்தி வைக்கும் யார்டிலிருந்து ஓட்டி வந்த டிரைவர். பல ஷோரூம்களில் இவர்கள் ஒப்பந்த ஆட்கள், இன்சென்டிவ் கிடையாது. கொடுப்பதென்றால் இவர்கள் கையில் நேரடியாக ஆளுக்கு நூறு கொடுங்கள். "எல்லாரும் பிரிச்சுக்கோங்க" என்று ஒருவரிடம் மொத்தமாகக் கொடுத்தால் அது எங்கே நின்றது என்று யாருக்கும் தெரியாது. முந்தைய நாளே நூறு ரூபாய்த் தாளாக மாற்றி வைத்துக்கொள்வது நல்லது. இந்த இடத்தில் க்யூஆர் கோடை நீட்டும் ஷோரூம் இருந்தால், அது யார் கணக்கு என்று கேளுங்கள்.

எப்போது கொடுப்பது என்பதுதான் தொகையைவிட முக்கியம். காரைப் பார்த்து முடித்து, கையெழுத்தெல்லாம் ஆன பிறகு. முதலிலேயே கொடுத்தால் கிடைப்பது அவசரம்தான். "எல்லாம் செக் பண்ணியாச்சு சார், நல்ல நேரம் போயிடும்" என்று பூஜைத் தட்டை நீட்டுவார்கள்.

அதற்கும் முந்தைய வேலை ஒன்று உண்டு. காரைச் சோதிப்பதை டெலிவரி நாளுக்கு வைக்கக் கூடாது. பதிவு உங்கள் பெயரில் ஆகிவிட்டால், கீறலோ பெயின்ட் வேறுபாடோ இருந்தாலும் வேறு கார் கேட்பது மிகக் கடினம். மீதிப் பணம் கட்டுவதற்கும் பேங்க் லோன் தொகையை விடுவிப்பதற்கும் முன்பே, சேஸிஸ் நம்பரை (காரின் தனி அடையாள எண்) வாங்கிக்கொண்டு ஸ்டாக் யார்டுக்குப் போய் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை ஆலையில் செய்த காரானாலும் நேராக ஷோரூமுக்கு வருவதில்லை, யார்டில் வெயிலிலும் மழையிலும் வாரக்கணக்கில் நிற்கும். மூன்றாவது வரிசையில் நடுவில் மாட்டிக்கொண்ட காரை வெளியே எடுக்க, மற்ற நான்கைந்து கார்களை நகர்த்த வேண்டும். அதைச் செய்யும் யார்டு ஆளுக்கு நூறோ இருநூறோ தாராளமாகக் கொடுங்கள். டெலிவரி நாள் முழுக்கக் கொடுக்கும் பணத்தில் இதைவிடப் பயனுள்ளது இல்லை.

அங்கே பார்க்க வேண்டியவை: காரில் பொறித்த 17 எழுத்து சேஸிஸ் நம்பர், எஞ்சின் நம்பர் இரண்டும் இன்வாய்ஸோடு ஒத்துப்போகிறதா. தயாரிப்பு மாதமும் ஆண்டும் படிவம் 21-இல் (டீலர் தரும் விற்பனைச் சான்றிதழ்) இருக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம், 2325 என்றால் 2025-இன் 23-ஆவது வாரம். ஐந்து டயரிலும் பாருங்கள், ஒன்று மட்டும் தள்ளிப்போனால் காரணம் கேளுங்கள். ஓடோமீட்டரில் ஐம்பது அறுபது கிலோமீட்டர் இயல்பு. இருநூறு என்றால் டெஸ்ட் டிரைவுக்கு ஓடியதா என்ற கேள்வி வரும். பானெட் போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட தடம், கதவு இடைவெளி இரண்டு பக்கமும் ஒரே அளவா, பம்பரும் பாடியும் ஒரே நிறச் சாயலா. எஞ்சினை நிறுத்திய நிலையில் பேட்டரி 12.4 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் சார்ஜ் போடச் சொல்லுங்கள்.

யார்டில் நெடுநாள் நிற்பதால் டயர் தட்டையாகாமலிருக்கக் காற்றை அதிகமாக அடைத்திருப்பார்கள். டெலிவரியின்போது அதைக் குறைக்க மறப்பதும் சகஜம். வீட்டுக்கு வரும் வழியில் கார் குதித்துக் குதித்து ஓடினால் சஸ்பென்ஷனைத் திட்டுவதற்கு முன் காற்றைப் பாருங்கள், சரியான அளவு டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும். பெட்ரோலும் கைப்பிடி அளவுதான் இருக்கும், முதல் ஓட்டம் பக்கத்து பெட்ரோல் பங்க்குக்கு.

இனி, டிப்ஸ் என்ற பெயரில்லாமல் வாங்கப்படும் பணம். கையில் நீட்டுவது ஐந்நூறு, ஆயிரம்தான். கொட்டேஷனுக்குள் போவது ஆயிரக்கணக்கில். "ஹேண்ட்லிங்", "லாஜிஸ்டிக்ஸ்" என்று தனி வரி இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள், எடுக்க மறுத்தால் ஜிஎஸ்டியோடு தனி பில் கேளுங்கள். பில் கேட்ட உடனேயே பாதி இடங்களில் அந்த வரி காணாமல் போகும். நம்பர் பிளேட் பொருத்த இருநூறு என்பார்கள். 2019 ஏப்ரல் 1 முதல் தயாரான வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் காரோடு சேர்ந்தே வர வேண்டும், பொருத்தித் தருவது டீலர் வேலை. அதற்குத் தனிக் காசு இல்லை.

"ஆர்டிஓ செலவு" இன்னொன்று. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் மாற்றிய விகிதப்படி தனிநபர் காருக்கு ஆயுள் வரி, விலை 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. வரியும் பதிவுக் கட்டணமும் கட்டிய ரசீது அரசின் பரிவாகன் இணையதளத்திலிருந்து வரும், அதைக் கேட்டு வாங்குங்கள். கொட்டேஷனில் இருந்த தொகைக்கும் ரசீதுக்கும் மூவாயிரம் வித்தியாசம் இருந்தால், நீங்கள் ஏற்கெனவே டிப்ஸ் கொடுத்துவிட்டீர்கள் என்று பொருள். விலை 10 லட்சத்தைத் தாண்டினால் டிசிஎஸ் (விற்பவரே வசூலித்துக் கட்டும் வருமான வரி) 1 சதவீதம் பிடிப்பார்கள். அது செலவில்லை, வருமான வரிக் கணக்கில் திரும்பக் கழித்துக்கொள்ளலாம், பான் எண் சரியாக ஏறியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஆக்சஸரீஸ் மாட்டுபவரிடம் ஒரு எச்சரிக்கை. "நூறு ரூபா குடுங்க சார், ஃபாக் லேம்ப்புக்கு ஒயர் இழுத்துத் தர்றேன்" என்று ரசீதில்லாமல் செய்யும் வேலையை ஏற்காதீர்கள். ஒயரை வெட்டி ஒட்டிய இடத்தில் பிறகு மின்கோளாறு வந்தால் வாரண்டி கேட்க முடியாது. சீட்டுக்குள் பக்கவாட்டு ஏர்பேக் உள்ள காருக்கு அதற்கேற்ற தையலுள்ள கவர்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் விபத்தின்போது ஏர்பேக் விரிவதைக் கவர் தடுக்கும்.

மொத்தத்தில் சாதாரணக் காருக்கு யார்டு, வாஷ், ஃபிட்டிங், விளக்கியவர் எல்லாம் சேர்த்து எழுநூறு முதல் ஆயிரம் ரூபாய் போதுமானது. விலை உயர்ந்த கார் என்பதால் கூட்டிக் கொடுக்க வேண்டியதில்லை, துடைப்பதற்கு ஆகும் நேரம் எல்லாக் காருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். கொடுக்க விருப்பமில்லையா, தாராளமாகக் கொடுக்காமல் வரலாம். சர்வீஸில் யாரும் பழிவாங்கப் போவதில்லை, அந்த ஆட்களே வேறு.

வீட்டு வாசலில் டெலிவரி கேட்டிருந்தால் கணக்கு கொஞ்சம் மாறும். ஓட்டி வந்தவர் பஸ் பிடித்துத் திரும்ப வேண்டும். அவருக்கு ஒரு காபியும், பஸ் செலவோடு சேர்த்து இருநூறும் கொடுத்து அனுப்புங்கள்.