ஸ்ட்ராங்லிஃப்ட்ஸ் 5×5 செயலி: புதியவருக்கு எதுவரை கைகொடுக்கும்?

ஜிம்மில் புதிதாகச் சேருபவர் கையில் பெரும்பாலும் "திங்கள் செஸ்ட், செவ்வாய் பேக்" என்று உடம்பைப் பங்கு போட்ட சார்ட்டைத்தான் கொடுக்கிறார்கள். காலுக்கு வாரத்தில் ஒரே நாள். புதியவருக்கு இது பெரிய இழப்பு. முதல் சில மாதங்களில் அவர் உடம்பு இரண்டு நாள் ஓய்விலேயே அடுத்த எடைக்குத் தயாராகிவிடும். அந்த வேகம் பிறகு வராது. ஸ்ட்ராங்லிஃப்ட்ஸ் செயலியின் திட்டம் அந்த வேகத்தை முழுசாகப் பயன்படுத்திக்கொள்கிறது. தொடக்கத்துக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம்.

அமைப்பு எளிது. ஏ நாளில் ஸ்குவாட் (பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது), பெஞ்ச் பிரஸ் (படுத்தபடி மார்பிலிருந்து மேலே தள்ளுவது), பார்பெல் ரோ (குனிந்து வயிற்றை நோக்கி இழுப்பது). பி நாளில் ஸ்குவாட், ஓவர்ஹெட் பிரஸ் (நின்றபடி தலைக்கு மேலே தள்ளுவது), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து தூக்கி நிமிர்வது). திங்கள், புதன், வெள்ளி என்று ஏ-பி-ஏ, அடுத்த வாரம் பி-ஏ-பி. எல்லாமே ஐந்து செட், செட்டுக்கு ஐந்து ரெப்; ஒரு ரெப் என்றால் ஒருமுறை தூக்கி இறக்குவது. டெட்லிஃப்ட் மட்டும் ஒரே செட். வாரம் மூன்று ஸ்குவாட்டே இடுப்பையும் கீழ்முதுகையும் வேலை வாங்கிவிடுவதால் அந்த ஒரு செட் போதும். 20 கிலோ வெறும் பாரில் (எடை மாட்டாத இரும்புத் தண்டு) தொடங்கி ஒவ்வொரு முறையும் 2.5 கிலோ ஏற்ற வேண்டும். ரோ மட்டும் 30 கிலோவில் தொடங்கும்; டெட்லிஃப்ட் 40 கிலோவில் தொடங்கி 5 கிலோ ஏறும். ஒரே எடையில் எல்லா ரெப்பையும் முடிக்க மூன்று முறை தொடர்ந்து தவறினால் செயலியே 10 சதவீதம் குறைத்துவிடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 வாரம், 36 பயிற்சி. எங்கும் தவறாமல் போனால் ஸ்குவாட் 107.5 கிலோவில் நிற்கும், டெட்லிஃப்ட் 125 கிலோவில். இந்த எண்களை எல்லோரும் தொடமாட்டார்கள்; ஓவர்ஹெட் பிரஸ் அதற்கு வெகு முன்பே நின்றுவிடும். தோள் சிறிய தசை. 30 கிலோவில் 2.5 ஏற்றுவது எட்டு சதவீதத்துக்கு மேல். 100 கிலோ ஸ்குவாட்டில் அதே ஏற்றம் இரண்டரை சதவீதம்தான்.

புதியவர் கவனிக்காத ஒன்று பிளேட், அதாவது பாரின் இரு முனையிலும் மாட்டும் எடைத்தட்டு. 2.5 கிலோ ஏற்ற இரு பக்கமும் 1.25 கிலோ பிளேட் வேண்டும். பல ஜிம்களில் மிகச் சிறியதே 2.5 கிலோதான், அங்கே குறைந்தபட்ச ஏற்றம் 5 கிலோ. பிரஸ்ஸும் பெஞ்சும் சில வாரங்களிலேயே முட்டி நிற்க இதுவும் ஒரு காரணம். ஒரு ஜோடி 1.25 பிளேட்டையும், முடிந்தால் ஒரு ஜோடி அரைக் கிலோ பிளேட்டையும் சொந்தமாக வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பாரையும் ஒருமுறை எடை போடுங்கள்: ஒல்லியான ஆறடி ராடு 20 கிலோ இருக்காது.

டெட்லிஃப்டில் இன்னொரு சிக்கல். முழு அளவு பிளேட்டின் விட்டம் 45 செ.மீ.; பார் தரையிலிருந்து 22.5 செ.மீ. உயரத்தில் இருக்கும். விட்டம் குறைந்த பத்துக் கிலோ இரும்புப் பிளேட் போட்டால் பார் கணுக்கால் பக்கம் இறங்கிவிடும், குனியும்போது கீழ்முதுகு வளையும். இரு பக்கமும் ரப்பர் மேட்டையோ பிளேட்டையோ அடுக்கி, பாரை முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே கொண்டுவந்துவிட்டுத் தூக்குங்கள். மெத்தென்ற ஓட்டக் காலணி இதற்கு ஆகாது. தட்டையான கான்வாஸ் ஷூ போதும்.

வார்ம்-அப் செட்டை யாரும் விடக்கூடாது. 80 கிலோ ஸ்குவாட் என்றால் வெறும் பாரில் ஐந்து ரெப் இரண்டு முறை, 40 கிலோவில் ஐந்து, 60இல் மூன்று, 70இல் இரண்டு, அப்புறம்தான் 80. பவர் ரேக்கின் (பாரைத் தாங்கும் இரும்புச் சட்டம்) குறுக்குப் பின்களை ஸ்குவாட்டின் அடிமட்டத்துக்குச் சற்றுக் கீழே வையுங்கள். ரேக் இல்லாத பெஞ்சில், உதவிக்கு ஆளில்லாமல் பெஞ்ச் பிரஸ் செய்தால் பாரில் கிளிப் (பிளேட் நழுவாமல் பிடிக்கும் பூட்டு) மாட்டாதீர்கள். பாருக்கு அடியில் சிக்கிக்கொண்டால் அதைச் சாய்த்துப் பிளேட்டைச் சரித்துவிடலாம்.

திட்டத்தின் உண்மையான குறை தேக்கம் வந்த பிறகு தெரியும். பத்து சதவீதம் குறை, மறுபடி ஏறு என்றுதான் செயலி முதலில் சொல்கிறது. அதே எடையில் இரண்டாம் முறை முட்டினால் மூன்றாம் முறை போகாதீர்கள். கனமான எடையில் 25 ரெப்பை வாரம் மூன்று நாள் தாங்க உடம்பால் முடியவில்லை என்றுதான் அர்த்தம். செட்டுக்கு நடுவே ஐந்து நிமிட ஓய்வு எடுத்தால் ஸ்குவாட்டே அரை மணி நேரத்தைச் சாப்பிட்டுவிடும்.

பழைய 5×5 முறைகள் இப்படி இருக்கவில்லை. பிரிட்டிஷ் பாடிபில்டர் ரெஜ் பார்க் முதல் இரண்டு செட்டை ஏறுமுகமாக வைத்து, கடைசி மூன்றை மட்டும் உச்ச எடையில் செய்தார். அமெரிக்கப் பயிற்சியாளர் பில் ஸ்டார் வாரத்தையே கனம், லேசு, நடுத்தரம் என்று பிரித்தார். அதே வழியில் ஐந்து செட்டை மூன்றாக்குங்கள். திங்கள் 100 கிலோ மூன்று செட், புதன் 80 கிலோ இரண்டு செட், வெள்ளி 102.5 கிலோ மூன்று செட். புதன்கிழமை லேசாக இருப்பதால்தான் வெள்ளிக்கிழமை ஏற்ற முடிகிறது. நாற்பது வயதைத் தாண்டியவர்கள் தேக்கம் வரும்வரை காத்திருக்காமல் ஆறாவது வாரத்திலேயே இதற்கு மாறலாம்.

புல்-அப் திட்டத்தில் இல்லை. பி நாளின் முடிவில் மூன்று செட் சேருங்கள். சாப்பாட்டைச் செயலி கேட்காது. 70 கிலோ உடம்புக்கு நாளுக்கு சுமார் 110 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டை ஆறு கிராம்தான். இட்லி சாம்பாரை மட்டும் நம்பினால் எடை ஏறாது.

ஊருக்குப் போய் ஒரு நாள் விட்டுப்போனால் அதை ஈடுகட்ட அடுத்தடுத்த நாளில் செய்யாதீர்கள். வரிசையை அப்படியே ஒரு நாள் தள்ளிவையுங்கள். இரண்டு வாரம் விட்டுப்போனால் எல்லா லிஃப்டிலும் பத்து சதவீதம் குறைத்துத் தொடங்குங்கள்.