ஸ்னிப்பிங் டூல், கிரீன்ஷாட், ஷேர்எக்ஸ்: திரையைப் படம்பிடிக்க எது ஏற்றது?

விண்டோஸ் கணினியில் திரையைப் படமாக எடுப்பது எந்த மென்பொருளுக்கும் கடினமான வேலை அன்று; எடுத்த படத்தை அடுத்த நிமிடம் என்ன செய்ய விடுகிறது என்பதில்தான் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன. வங்கிக் கணக்கு எண்ணும் கைப்பேசி எண்ணும் தெரியும் திரைகளை நாள்தோறும் பிறருக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம். ஆகவே, மறைக்க வேண்டியதை முழுமையாக மறைக்க உதவுகிறதா என்பதையே முதல் அளவுகோலாகக் கொள்கிறேன்.

2007இல் வெளிவந்த விஸ்டா பதிப்பு முதல் விண்டோஸுடனேயே வரும் ஸ்னிப்பிங் டூலைத் தனியாக நிறுவ வேண்டியதில்லை. விண்டோஸ், ஷிஃப்ட், எஸ் ஆகிய மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால், வேண்டிய பகுதியை மட்டும் வெட்டி எடுக்கலாம். விண்டோஸ் 11இல் உள்ள பதிப்பு திரையைக் காணொளியாகவும் பதிவு செய்கிறது. படத்திலுள்ள எழுத்தை அடையாளம் கண்டு, நாம் கட்டளையிட்டால் மின்னஞ்சல் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் மறைத்துத் தருகிறது. கணக்கு எண் போன்ற மற்றவற்றை நாம்தான் தேடி மறைக்க வேண்டும். படத்தை வெட்டி அதே கோப்பின்மீது சேமித்தால், வெட்டிய பகுதியின் தரவு கோப்பின் இறுதியில் அழியாமல் தங்கிவிடும் குறை 2023 மார்ச்சில் வெளிப்பட்டது. மைக்ரோசாஃப்ட் அம்மாதமே அதைத் திருத்தியது. ஆனால் அதற்கு முன் அவ்வாறு வெட்டிப் பகிர்ந்த படங்களை அந்தத் திருத்தம் காப்பாற்றாது.

செயல்முறை விளக்கம் எழுதுவோருக்கு என் தேர்வு கிரீன்ஷாட். திறமூல (நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும்) மென்பொருளான இதன் விண்டோஸ் பதிப்பு இலவசம். படத்தின்மீது 1, 2, 3 என்று வட்ட எண்களை வைத்துக்கொண்டே போகலாம். இடையில் ஒன்றை நீக்கினால் அடுத்தவை தாமாகவே வரிசை மாறிக்கொள்ளும். இருபது படங்கள் கொண்ட கையேட்டைத் திருத்தும்போது இந்தச் சிறு வசதி எவ்வளவு நேரத்தை மிச்சப்படுத்துகிறது என்பது புரியும். அதன் சொந்தக் கோப்பு வடிவில் சேமித்தால் அம்புக்குறியையும் கட்டத்தையும் பின்னொரு நாளில் நகர்த்தவும் முடியும்.

மறைக்கும் வேலையில்தான் இங்கே கவனம் தேவை. எழுத்தைக் கட்டம் கட்டமாகக் கலைத்துக் காட்டும் கருவியைப் பலரும் போதுமானது என்று நம்புகிறார்கள். அவ்வாறு கலைத்த எழுத்துகளை மீட்டெடுக்க முயலும் திறமூல நிரல் ஒன்று 2020இலேயே வெளிவந்துவிட்டது; எண்களை மறைக்க இந்த முறையை நம்பவே கூடாது. முழுக்கக் கருமை நிரப்பிய செவ்வகத்தை வைத்து, பிஎன்ஜி என்ற சாதாரணப் படக் கோப்பாகச் சேமித்து அனுப்புவதே சரி. கிரீன்ஷாட்டின் சொந்த வடிவிலேயே அனுப்பினால், பெறுபவர் அந்தச் செவ்வகத்தை நகர்த்திவிட்டு அடியில் இருப்பதைப் படித்துவிடலாம்.

ஷேர்எக்ஸ் மூன்றிலும் ஆற்றல் மிக்கது. இதுவும் திறமூல மென்பொருள், இலவசம். திரைக்குள் அடங்காத நீண்ட பக்கத்தைத் தானே உருட்டி ஒரே படமாக ஒட்டித் தருகிறது. அசையும் ஜிஃப் படமும் காணொளியும் எடுக்கிறது. படம் எடுத்தவுடன் பெயரிடுதல், சேமித்தல், இணையத்தில் ஏற்றுதல் என்ற வரிசையை நாமே அமைக்கலாம். புதிதாகத் தொடங்குபவரை இதன் பட்டியல்கள் திணறடிக்கும் என்பது உண்மைதான். அதைவிட, இணையத்தில் ஏற்றும் பணி இயங்கினால் மறைப்பதற்கு முன்பே படம் வெளியே போய்விடக்கூடும் என்பதே எனக்குக் கவலை தருகிறது. அலுவலக ஆவணங்களைக் கையாள்பவர் நிறுவியவுடன் அந்தப் பணியை அணைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.

கிரீன்ஷாட்டையோ ஷேர்எக்ஸையோ தேர்ந்தவர்கள் இன்னொன்றையும் மாற்ற வேண்டியிருக்கும். விண்டோஸ் 11இல் பிரிண்ட் ஸ்கிரீன் விசையை ஸ்னிப்பிங் டூல் பிடித்துக்கொள்வதால், மற்ற மென்பொருளுக்கு அந்த விசை கிடைக்காமல் போகிறது. அமைப்புகளில் அணுகல்தன்மைப் பிரிவின் கீழுள்ள விசைப்பலகைப் பக்கத்தில் இதை அணைத்துவிட்டு, மென்பொருளை மறுபடி தொடங்கினால் விசை அதன் வசமாகும்.