வராந்தாவில் காணாமல் போன அறுபது மீட்டர்

இந்த முறை ஊருக்குப் போனதில் முதல் வேலை, சித்தப்பாவை நுரையீரல் மருத்துவரிடம் காட்டுவது. அவருக்கு சிஓபிடி, அதாவது மூச்சுக்குழாய்கள் நிரந்தரமாகக் குறுகிப்போகும் நாள்பட்ட நுரையீரல் நோய். டோக்கன், பெயர் கூப்பிடும்வரை நிற்பது எல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதைதான். எக்ஸ்ரே, குழாயில் ஊதவைத்து மூச்சின் அளவைப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி, இன்ஹேலரைச் சரியாக இழுக்கிறாரா என்று பார்த்தது, அவர்கள் செய்த விதத்தில் எதிலும் குறையில்லை. எனக்குக் கோபம் வந்தது ஆறு நிமிட நடைச் சோதனையில்.

இதைவிட எளிய சோதனை இருக்க முடியாது. நேரான பாதை, இரண்டு கூம்புகள், கடிகாரம், விரலில் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டர். ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று அளக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் பாதை 30 மீட்டர் இருக்க வேண்டும், சோதிப்பவர் கூடவே நடக்கக் கூடாது, நிமிடத்துக்கு ஒருமுறை என்ன சொல்ல வேண்டும் என்பது வரை அமெரிக்க நுரையீரல் மருத்துவர்களின் சங்கமான அமெரிக்கன் தொராசிக் சொசைட்டி 2002லேயே வழிமுறை வெளியிட்டிருக்கிறது. எனக்கு பிராங்கியெக்டேசிஸ் (மூச்சுக்குழாய்கள் விரிந்து சளி தேங்கும் நோய்) இருப்பதால் நான் இருக்கும் நாட்டில் இதை நடந்திருக்கிறேன். அங்கே சோதிக்கும் அம்மா ஓரமாக நின்று, "நன்றாகச் செய்கிறீர்கள், இன்னும் ஐந்து நிமிடம் இருக்கிறது" என்று ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி சொல்வார். சிரிப்பில்லை, பேச்சில்லை. எப்போதடா ஊருக்குப் போவோம், நாலு வார்த்தை பேசும் மனிதர்களைப் பார்ப்போம் என்று இருந்தது.

பார்த்தேன். ஸ்கேன் அறைக்கும் பில் கவுண்டருக்கும் நடுவில் பத்து மீட்டர் வராந்தா. பெஞ்ச், ஸ்ட்ரெச்சர், குறுக்கே போகிற ஜனம். உதவியாளர் சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயா எந்த ஊரு, பசங்க எத்தனை பேரு" என்று கேட்டபடியே நடந்தார். சித்தப்பாவும் மரியாதைக்கு நின்று நின்று பதில் சொன்னார். மூச்சு வாங்குகிற மனிதரிடம், மூச்சை அளக்கும் சோதனையின் நடுவில், குடும்ப விசாரணை! ஸ்ட்ரெச்சருக்கு வழிவிட ஒதுங்கியபோதும் கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கடைசியில் 240 மீட்டர் என்று எழுதி, "வயசுக்குப் பரவாயில்லை, தினமும் நடங்க" என்று அனுப்பிவிட்டார்கள்.

வராந்தா நீளத்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று என் தம்பியே கேட்டான். சிஓபிடி உள்ளவர்களையே இரண்டு பாதைகளிலும் நடக்கவிட்டு 2013இல் ஓர் ஆய்வு வந்தது. 10 மீட்டர் பாதையில் நடந்த தூரம், 30 மீட்டர் பாதையில் நடந்ததைவிடச் சராசரியாக 50 மீட்டர் அளவுக்குக் குறைந்தது. திரும்பித் திரும்பி நடப்பதிலேயே வேகம் போய்விடுகிறது. இந்த நோயாளிகளுக்கு நடை, தசைப் பயிற்சி கொடுப்பார்கள்; அந்தப் பயிற்சியால் ஒருவர் தேறினார் என்று சொல்ல ஏறக்குறைய 30 மீட்டர் முன்னேற்றம் போதும் என்கிறார்கள். அப்படியானால் தேறினாரா இல்லையா என்பதை வராந்தாவே மாற்றிவிடும்.

அதைவிட முக்கியம், இந்த எண்ணை வைத்துத்தான் பயிற்சியின் வேகத்தைப் போடுவார்கள். சோதனையில் வந்த சராசரி வேகத்தில் 80 சதவீதம் என்பது வழக்கமான கணக்கு. 240 மீட்டர் என்றால் நிமிடத்துக்கு 32 மீட்டர். சித்தப்பா வாசலுக்குப் போய் வருகிற வேகமே அதுதான்.

நான் போட்ட சத்தத்தில் பிசியோதெரபி பிரிவிலிருந்து ஒரு பெண் வந்தார். வாதாடவில்லை. "சார், முதல் நடையில் யாருக்குமே குறைவாகத்தான் வரும், பழக்கம் கிடையாதில்லையா, இரண்டு தடவை நடக்கவைப்பதுதான் முறை" என்றார். கூட்டம் குறைந்த பிறகு லேப் பின்புறமிருந்த நீளமான பாதைக்குக் கூட்டிப்போய், டேப் வைத்து அளந்து, கூம்புக்குப் பதில் இரண்டு வாளிகளை வைத்தார். இந்த முறை சித்தப்பா நடந்தது 300 மீட்டர்! ஆக்சிஜன் அளவும் அதிகம் இறங்கவில்லை. நான் இருக்கும் நாட்டில் இதே மறு சோதனைக்குக் கடிதம் வந்து, தேதி வந்து, அதற்குள் ஒரு பருவம் மாறியிருக்கும்.

அப்புறம் அவர் சித்தப்பாவை உட்காரவைத்துச் சொன்னதை அப்படியே பதிவுசெய்திருக்கலாம். பயிற்சியால் நுரையீரல் மாறாது, ஸ்பைரோமெட்ரி எண் அப்படியேதான் இருக்கும். மாறுவது தொடைத் தசை. பழகிய தசை அதே வேலைக்குக் குறைவான லாக்டிக் அமிலத்தை விடும், அதனால் குறைவாக மூச்சு வாங்கினால் போதும். எங்கள் வீட்டிலோ, மூச்சு வாங்கினால் உடனே "உட்காருங்க, அசையாதீங்க" என்பதுதான் வைத்தியம். இத்தனைக்கும் மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 65 ஆய்வுகளை அலசி 2015இல் வெளியிட்ட தொகுப்பு, இந்தப் பயிற்சி சிஓபிடிக்குப் பலன் தருமா என்று இனியும் ஒப்பிட்டுப் பார்க்கத் தேவையில்லை என்றே எழுதிவிட்டது.

வாராவாரம் மருத்துவமனைக்கு வர வண்டி வசதியில்லை என்றோம். மெல்போர்னில் ஆன் ஹாலண்ட் குழு 2017இல் வெளியிட்ட ஆய்வில், பிசியோ ஒருமுறை வீட்டுக்கு வந்து, பிறகு வாரம் ஒரு போன் செய்தே எட்டு வாரப் பயிற்சியை நடத்தினார்கள்; முடிவில் மையத்துக்கு வந்தவர்களுக்கு இவர்கள் குறைந்தவர்களாக இல்லை. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரு தரப்பிலும் அந்தப் பலன் நிலைக்கவில்லை என்பதும் அதே ஆய்வில் உண்டு. அந்தப் பெண் அதைச் சொன்னதும் சித்தப்பா, "அப்போ சாகிறவரைக்கும் நடக்கணும்னு சொல்லும்மா" என்றார்.

நிமிடத்துக்கு 40 மீட்டர் வேகத்தில் 20 நிமிடம், நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சி, மூச்சிரைப்பு பத்துக்கு மூன்று நான்கில் இருக்க வேண்டும் என்று எழுதிக்கொடுத்தார்.

கிளம்பும்போது கோப்பை வாங்கினால் அச்சிட்ட தாளில் இன்னும் 240. மாற்றச் சொன்னேன். இரண்டாவது நடைக்குப் பில் போடவில்லை, பில் இல்லாததை கம்ப்யூட்டரில் ஏற்ற முடியாது என்றார்கள். பில் போடுங்கள், கட்டுகிறேன் என்றேன். ஒரே நாளில் ஒரே சோதனைக்கு இரண்டு பில் போட முடியாதாம்.